லென்ஸைத் திருப்பு!

"மேக்ரோ லென்ஸ் வாங்கியதும் ஆரம்பிப்பேன்." எத்தனை வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறாய், தம்பி? உன் வீட்டு முருங்கையில் தாவும் சிலந்தி எட்டுக் கண்களோடு உட்கார்ந்திருக்கிறது. நீ காசு சேர்த்து முடிக்கும்வரை அது அங்கேயே இருக்குமா?

பதினேழாம் நூற்றாண்டில், டெல்ஃப்ட் நகரத்தில் துணி வியாபாரம் செய்தவர் லீவன்ஹூக். பல்கலைக்கழகத்தின் வாசலை மிதித்தவரல்ல. தன் கையாலேயே கண்ணாடி தேய்த்தார். அந்த ஒற்றை லென்ஸில், ஒரு சொட்டு நீருக்குள் அதுவரை யாரும் கண்டிராத உயிர்களைக் கண்டார். 1680-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. நல்ல கருவி வரட்டும் என்று அவர் கைகட்டி நின்றாரா?

பழைய 50 மி.மீ. லென்ஸ் ஒன்று தேடு. தலைகீழாக மாட்டினால் அதுவே உன் மேக்ரோ லென்ஸ். அபர்ச்சர் வளையம் உள்ளதாகப் பார். ரிவர்ஸ் ரிங் போட்டுத் தலைகீழாக மாட்டியதும் கேமராவோடு மின்தொடர்பு அறுந்துவிடும். அபர்ச்சரைக் கையால்தான் மூடவேண்டும். திருப்ப மனமில்லையா? அதே லென்ஸை நேராகவே வைத்து, இடையில் 50 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூப் போடு. எறும்பு தன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும். விலை உயர்ந்த மேக்ரோ லென்ஸ்களில் பெரும்பாலானவை தருவதும் இதே ஒன்றுக்கு ஒன்றுதான்!

பணத்தை எங்கே போடுவது? வெளிச்சத்தில் போடு. அடித்துச் சொல்கிறேன். ஒன்றுக்கு ஒன்றில் எஃப் 8 வைத்தாலும் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அந்த நெருக்கத்தில் எஃப் 8 கொடுக்கும் வெளிச்சமோ எஃப் 16 அளவுக்குத்தான். இலை ஆடும், உன் கை நடுங்கும். ஃபிளாஷைக் குறைந்த பவரில் வை. ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே அது மின்னும். ஆட்டமும் நடுக்கமும் அதில் உறைந்துபோகும். ஃபோகஸ் வளையத்தைத் திருகாதே. உடம்பை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்து, சிலந்தியின் கண் பளிச்சென்று தெரியும் கணத்தில் அழுத்து.

ரிங் ஃபிளாஷுக்கு என் ஆதரவு இல்லை. சுற்றிலும் ஒரே வெளிச்சம் விழுந்தால் பூச்சியின் உடல் தட்டையாகிவிடும். சாதாரண ஃபிளாஷ் ஒன்று போதும், முன்னால் பட்டர் பேப்பர் கட்டு. வண்டின் முதுகில் வெள்ளையாகத் தீப்பற்றியதுபோல் எரிகிறதா? பேப்பரை இன்னும் பெரிதாக்கு, பூச்சிக்கு இன்னும் அருகில் கொண்டுபோ. நாற்பது முறை கிழித்து நாற்பது முறை ஒட்டு!

பட்டாம்பூச்சியும் தும்பியும் அருகில் விடாது. அவற்றுக்கு 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் வேண்டும். சற்றுத் தள்ளி நின்றே எடுக்கலாம். வாங்கு, மறுக்கவில்லை. ஆனால் அது வந்து சேரும் நாளில், முசுறு கடித்தாலும் கேமராவை அசைக்காத கை உனக்கு இருக்கவேண்டும்.

விடியற்காலைக் குளிரில் பூச்சிகள் விறைத்து அசையாமல் இருக்கும். வெயில் ஏறினால் பறந்துவிடும். நாளை காலை ஆறு மணிக்கு லென்ஸைத் திருப்பி மாட்டிக்கொண்டு முருங்கையடிக்குப் போ.