இசைப்பவர் யார், கருவி எது?

மேடையில் ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவர் கையில் வீணையில்லை, குழலில்லை, தபலாவும் இல்லை. முன்னே ஒரு சிறு மேசை, அதன்மீது ஒரு மடிக்கணிப்பொறி. அரங்கம் நிறைய ஓசை எழுகின்றது. அவருடைய விரல்கள் சிலவேளை அசைகின்றன, சிலவேளை அசையாதிருக்கின்றன. கேட்டுக்கொண்டிருப்போர் உள்ளத்தில் ஓர் ஐயம் தோன்றாமலிராது. இவர் இப்போது இசைக்கிறாரா? அன்றி, நேற்று வீட்டிலிருந்தபடியே செய்து முடித்ததை இன்று ஓடவிட்டு, இசைப்பவர்போல் அமர்ந்திருக்கிறாரா?

இவ்வையத்தை அற்பமென்று தள்ளிவிட நம்மால் இயலவில்லை. சீட்டு வாங்கி வந்தவருக்குக் காசுக்கு ஈடான ஒலி கிடைத்துவிட்டது, இனி அவருக்கு என்ன குறை என்று கேட்பாருண்டு. குறை உண்டு என்பதே நம் கருத்து. அக்குறை எது என்று சொல்வதுதான் கடினமாயிருக்கிறது.

தானே ஒலிக்கும் கருவி உலகுக்குப் புதிதன்று. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்கள் மூவரும் தானாகவே ஊதும் குழற்கருவி ஒன்றைப் பற்றி எழுதி வைத்துள்ளனர். நீரின் விசையால் காற்று எழும்பும். முளைகள் பதித்த உருளை ஒன்று சுழன்று குழலின் துளைகளைத் திறந்து மூடும். முளைகளின் வரிசைக்கேற்பப் பண் அமையும். அதே நூற்றாண்டில் அதே நகரில் கணிதம் வளர்த்த அல்குவாரிஸ்மியின் பெயர்தான், லத்தீன் மொழி வழியே திரிந்து, கணிப்பொறியாளர் நாள்தோறும் உச்சரிக்கும் ‘அல்காரிதம்’ என்னும் சொல்லாயிற்று. 2012-ஆம் ஆண்டு இலண்டனில் தொடங்கிப் பல நாடுகளுக்கும் பரவிய கணிப்பொறி இசைக் கூட்டங்களுக்கு ‘அல்கோரேவ்’ என்று பெயரிட்டபோது, ஆடுவோர்க்குத் தெரியாமலே அப்பெரியாரின் பெயரில் பாதி அதனுள் புகுந்துகொண்டது. (இப்படிப் பெயர்களைச் சொல்லி மார்தட்டிவிட்டு உறங்கப் போவது நம்மவர்க்குப் பழக்கமாகிவிட்டது. நாம் மேலே செல்வோம்.)

1957-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மாக்ஸ் மாத்யூஸ் என்னும் பொறியாளர் எழுதிய ஆணைத்தொடரைக் கொண்டு, ஐ.பி.எம். 704 என்ற பெருங்கணிப்பொறி 17 வினாடி நீளமுள்ள இசை ஒன்றை உருவாக்கியது. ஆனால் ஒரு வினாடி ஒலியைக் கணித்து முடிக்க அவ்வியந்திரத்துக்கு ஒரு வினாடியைவிடப் பன்மடங்கு நேரம் வேண்டியிருந்தது. கணித்ததை நாடாவில் பதிந்து, பின்னரே ஒலியாக மாற்றிக் கேட்டனர். அங்கே ஐயத்துக்கு இடமேயில்லை. அது சமைத்து மூடி வைத்த உணவு. இயந்திரத்தின் வேகம் வளர்ந்து, கணிப்பதும் ஒலிப்பதும் ஒரே கணத்தில் நிகழத் தொடங்கியபோதுதான் நம் வினா பிறந்தது. 1970-களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில் இசைக் கலைஞர் சிலர், கிம்-1 என்னும் மலிவான சிறு கணிப்பொறிகளைக் கம்பிகளால் ஒன்றோடொன்று இணைத்தனர். ஒன்றின் கணக்கு மற்றொன்றின் ஓசையை மாற்றும். அதன் ஓசை மூன்றாவதன் கணக்கைக் கலைக்கும். அடுத்த கணம் எது ஒலிக்கும் என்பதைக் கட்டியமைத்தவர்களே முன்கூட்டிச் சொல்ல இயலாது. மக்கள் முன்னிலையில் அவர்கள் நிகழ்த்தியது அதுதான்.

இனி வினாவுக்கு வருவோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யா உலூமித்தீனில் ‘ஸமாஉ’ எனப்படும் கேட்டலுக்கென்றே தனியொரு பகுதி வகுத்தார்கள். இசை ஆகுமா, ஆகாதா என்பதில் மார்க்க அறிஞரிடையே உள்ள கருத்து வேறுபாடு நெடியது. கடுமையாக விலக்கியோரும் உண்டு. நிபந்தனைகளுடன் அனுமதித்தோரும் உண்டு. அவ்வழக்கைத் தீர்ப்பது இக்கட்டுரையின் வேலையன்று. நம் கவனத்துக்குரியது இமாமவர்கள் வினாவை அணுகிய முறை. இசை என்று மொத்தமாகக் கட்டி ஒரே தீர்ப்பு வழங்கிவிடாமல், இசைப்பவர், கருவி, பாடப்படும் சொல், கேட்பவர் எனப் பிரித்து, கேடு எவ்வழியே நுழைகிறது என்று ஒவ்வொன்றிலும் தேடுகிறார்கள். கேட்கும் காலம், இடம், உடனிருப்போர் ஆகியவையும் கேட்டலின் ஒழுக்கத்தைச் சார்ந்தவையே என்று காட்டுகிறார்கள்.

இப்பகுப்பைக் கணிப்பொறி இசையின்மீது வைத்துப் பார்த்தால் முதலடியிலேயே இடறுகிறோம். கணிப்பொறி இசைப்பவரா? கருவியா? புல்லாங்குழல் எதையும் முடிவு செய்வதில்லை. ஊதினால் ஒலிக்கும், நிறுத்தினால் ஓயும். கணிப்பொறியோ, எழுதியவர் வகுத்த விதிக்குள் நின்று, எந்தச் சுரம், எவ்வளவு நேரம் என்பதைத் தானே பொறுக்கி எடுக்கவும் வல்லது. ஆயினும் அதற்கு நிய்யத்து இல்லை. தன்முன் கேட்பவர் இருக்கிறார் என்னும் உணர்வும் இல்லை.

நம் ஃபிக்ஹு நூல்களில் உள்ள ஒரு சிறு மஸ்அலா ஈண்டு நமக்குத் துணை செய்கிறது. திருமறையில் ஸஜ்தாவுக்குரிய வசனங்கள் உண்டு. அவற்றை ஒருவர் ஓதக் கேட்டவரும் ஸஜ்தா செய்வார். அவ்வசனத்தை மலையில் மோதித் திரும்பும் எதிரொலியாகக் கேட்டால்? பேசப் பழக்கிய பறவை ஒன்று சொல்லக் கேட்டால்? ஹனஃபீ சட்ட வல்லுநர்கள் இவ்வினாக்களை எழுப்பி, எதிரொலியால் ஸஜ்தா கடமையாகாது என்றும், பறவையின் கூற்றாலும் ஆகாதென்பதே ஏற்புடையது என்றும் எழுதியிருக்கிறார்கள். ஒலிப்பதிவு நாடா வந்த காலத்தில் அறிஞர் பலர் இதனையே அளவுகோலாகக் கொண்டனர். இறைமறையை இசையோடு நாம் ஒப்பிடுவதாக எவரும் கருதிவிட வேண்டா. அவ்வளவு துணிவு நமக்கில்லை. கேட்டலைப் பற்றிய அந்நுட்பத்தை மட்டுமே இரவல் பெறுகிறோம். செவியில் விழுந்த ஒலி ஒன்றே, சொற்களும் ஒன்றே. ஆயினும் ஓதுகிறோம் என்று அறிந்து ஓதும் ஒருவர் அங்கே இல்லை. அவர் இல்லாதபோது கேட்பவரின் நிலையும் மாறிவிடுகிறது. நாம் தேடிய குறையும் இதுவே. மேடையில் இருப்பவர் நேற்றைய பதிவை ஓடவிடும்போது ஒலியில் ஒரு குன்றிமணியும் குறைவதில்லை. குறைவது அவர்தாம்.

பதிவைப் பதிவு என்று சொல்லி ஒலிக்கச் செய்பவரிடம் ஒரு குற்றமும் நாம் காணவில்லை. நம் வீடுகளில் நாகூர் ஈ.எம். ஹனீபாவின் குரல் இன்றும் அவ்வாறே ஒலிக்கிறது. 2015-இல் மறைந்துவிட்ட அவர் கூடத்தில் வந்து பாடுவதாக எவரும் எண்ணுவதில்லை. குற்றம் பாவனையில் இருக்கிறது. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்று வணிகரிடம் வினவிய நிகழ்ச்சியை அறியாதார் நம்மில் இலர். ஈரமான தானியத்தை விற்காதே என்று அவர்கள் சொல்லவில்லை, மறைக்காதே என்றார்கள்.

வியப்பு என்னவெனில், இவ்வரலாற்றை எண்ணாமலே கணிப்பொறி இசைஞருள் ஒரு சாரார் இதே நெறிக்கு வந்து சேர்ந்ததுதான். 2004-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் உருவான ‘டாப்லாப்’ என்னும் கூட்டத்தார், இசைப்பவர் தம் கணிப்பொறித் திரையை அவையோர் காணக் காட்ட வேண்டும் என்பதைக் கொள்கையாக்கினர். இசைப்பவருக்குப் பின்னே பெரிய வெண்திரை. அதில் அவர் எழுதும் கட்டளை வரிகள் ஒவ்வொன்றும் தெரிகின்றன. ஓசை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு வரியை எழுதுகிறார், ஓர் எண்ணை மாற்றுகிறார், தாளம் இரட்டிக்கிறது. இன்னொரு வரியை அழிக்கிறார். ஒரு குரல் மறைகிறது. தவறாக ஒன்றை எழுதிவிட்டால் இசை தடுமாறும், அல்லது நின்றேபோகும். அதுவும் எல்லார் கண்ணுக்கும் தெரியும்.

கூட்டத்தில் அம்மொழி அறிந்தவர் எத்தனை பேர், புரியாததைக் காட்டி என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ரமலான் இரவில் தராவீஹ் தொழுகையில் நிற்போரை எண்ணிப் பாருங்கள். அரபு மொழியின் பொருள் அறியாதவரே அவருள் பெரும்பாலோர். ஆயினும் ஹாஃபிழ் ஓரிடத்தில் தயங்கி நிற்கிறார், பின்னிருந்து ஒருவர் எடுத்துக் கொடுக்கிறார், அவர் பற்றிக்கொண்டு மேலே செல்கிறார் எனில், அந்தத் தயக்கமும் அந்தத் தொடர்ச்சியும் கடைசி வரிசையில் நிற்கும் சிறுவனுக்கும் தெரிகின்றன. ஒருவர் தம் நினைவை நம்பித் தம்மைப் பிழைக்கு உட்படுத்தி நிற்கிறார் என்பதை அறிய இலக்கணம் வேண்டுவதில்லை. திரை காட்டுவதும் அதற்கே. அது கற்பிப்பதற்கன்று, சாட்சிக்கு.

திரையும் பொய் சொல்லக்கூடும் என்பது உண்மையே. முன்பே எழுதி வைத்த வரிகளை அப்போதுதான் எழுதுவதுபோல் ஒட்டிவிடலாம். மெக்ஸிகோவில் இக்கலையைப் பயில்வோர் ஒரு வழக்கம் வைத்திருக்கின்றனர்: வெற்றுத் திரையிலிருந்து தொடங்க வேண்டும்; ஒன்பது நிமிடம்; அதற்குள் எழுந்ததே இசை. நேரம் முடிந்ததும், வென்றாலும் தோற்றாலும் அவையினர் கைதட்டுவர். இதனை எல்லார்க்கும் சட்டமாக்க வேண்டும் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆயத்தம் செய்துகொண்டு வருவது எந்த இசைவாணருக்கும் இழுக்கன்று. மேலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: தவறக்கூடும் என்பதனாலேயே இசை இனிதாகிவிடாது. இவ்வகை நிகழ்ச்சிகள் சிலவற்றின் பதிவுகளைக் கேட்டபோது, நேர்மையில் குறைவு காணவில்லை. இனிமையில் மிகுதியும் காணவில்லை. நேர்மையாகச் சமைத்த உணவிலும் உப்புக் குறையலாம்.

தமிழ்த் திரையிசையிலும் இதற்கு அண்மையான ஒரு வினா எழுந்தது. 2024-இல் வெளியான ‘லால் சலாம்’ படப் பாடல் ஒன்றில், 1997-இல் மறைந்த ஷாகுல் ஹமீது, 2022-இல் மறைந்த பம்பா பாக்யா ஆகிய இருவரின் குரல்களையும் ஏ.ஆர். ரஹ்மான் செயற்கை அறிவின் துணையால் மீட்டு ஒலிக்கச் செய்தார். குடும்பத்தாரின் இசைவு பெற்று, ஊதியமும் வழங்கியதாக அவரே அறிவித்தார். மறைக்கவில்லை, உரியவரின் உரிமையையும் மதித்தார். அந்த அளவில் ஈரத்தை மேலே வைத்தார் எனலாம். ஆனாலும் அப்பாடலைப் பாடியவர் யார் என்று கேட்டால் அவ்விருவரையும் சொல்ல நம் நா எழவில்லை. குரல் அவர்களுடையது, பாடுதல் அவர்களுடையதன்று. எதிரொலியைப் பற்றிய அப்பழைய மஸ்அலா இங்கே மிக அருகில் வந்து நிற்கிறது.

இவையெல்லாம் நமக்கெதற்கு என்று பெற்றோர் நினைக்கக்கூடும். கேம்பிரிட்ஜில் சாம் ஆரன் என்பவர் பள்ளிப் பிள்ளைகள் கணிப்பொறி கற்பதற்கென 2012-இல் உருவாக்கத் தொடங்கிய ‘சோனிக் பை’ என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டு வரி எழுதினால் ஓசை. நான்கு வரி எழுதினால் தாளம். நாளை நம் வீட்டுப் பிள்ளை ஒன்று அதனைப் பயின்று வந்து, “அத்தா, நான் செய்ததைக் கேளுங்கள்” என்னும். இசையைப் பற்றி அவ்வீட்டின் முடிவு எதுவாயினும் ஆகுக. “இதில் நீ செய்தது எது, இயந்திரம் செய்தது எது?” என்று அத்தாவும் உம்மாவும் அதனிடம் கேட்கலாம். திரையைத் திருப்பிக் காட்டி வரிவரியாகச் சொல்லத் தெரிந்த பிள்ளையும், விழித்து நிற்கும் பிள்ளையும் ஒன்றல்லர்.

இவ்வளவு சொன்ன பின்னும் ஒரு மனிதரிடத்தில் நம் கணக்கு முழுவதும் தீரவில்லை. அமெரிக்கக் கறுப்பின இசைவாணர் ஜார்ஜ் லூயிஸ், டிராம்போன் என்னும் ஊதுகருவியில் வல்லவர். 1980-களின் பிற்பகுதியில் அவர் ‘வாயேஜர்’ என்னும் ஆணைத்தொடரை எழுதினார். அது அவர் ஊதுவதைக் கேட்கிறது. கேட்டதற்கேற்பத் தன் இசையை அமைக்கிறது. சிலவேளை கேட்டதைப் புறக்கணித்துத் தன்போக்கிலும் செல்கிறது. அவ்வாறு செல்லும்படியே அவர் அதனை எழுதினார். ஏவலனாக ஒரு கருவி அவருக்கு வேண்டியிருக்கவில்லை; உடன் இசைக்கும் ஒரு துணை வேண்டியிருந்தது. ஆண்டான், அடிமை என்னும் முறை தம் இசையில் இயந்திரத்தின் வடிவிலும் இருக்க வேண்டாமென அவர் எண்ணியதில், அவருடைய மக்களின் வரலாற்றை அறிந்தவர்க்கு வியப்பிராது.

இங்கே பாவனை ஏதுமில்லை. விதிகளை எழுதியவர் அவர். அவ்விதிகளுக்கு முன்னே தம் மூச்சோடு வந்து நிற்பவரும் அவரே. ஆயினும் எது கருவி, எவர் இசைப்பவர் என்னும் பகுப்பு அவர் மேடையில் நிலைகொள்ளாமல் நழுவுகிறது. அவர் ஊதாமலிருந்தாலும் வாயேஜர் தானே இசைக்க வல்லது. அவ்வேளையில் டிராம்போனைத் தாழ்த்திப் பிடித்தபடி, அடுத்து வருவது என்னவென்று அறியாதவராய், அவையோருள் ஒருவராக அவரும் கேட்டுக்கொண்டு நிற்கிறார்.