முதுமைக்கு உகந்த இல்லம் எது?

பெற்றோரை முதியோர் இல்லத்தில் சேர்ப்பது தர்மமா? இந்தக் கேள்வி பல குடும்பங்களை வாட்டுகிறது. பெற்றோரைத் தெய்வமாகக் கருதும்படி தைத்திரீய உபநிஷதம் மாணவனுக்கு உபதேசிக்கிறது. பாரத அரசின் 2007-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாக்க வேண்டியவர் முதியவரைக் கைவிட்டால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம் என்கிறது. அதே சட்டம், வறிய முதியோர் 150 பேராவது தங்கும் இல்லங்களை மாவட்டத்திற்கு ஒன்றேனும் அமைக்க மாநில அரசுகளுக்கு வழிசெய்கிறது. ஆகவே அது குற்றமாகக் கருதுவது கைவிடுதலையே, இல்லத்தை அன்று.

இன்றுள்ள வழிகள் பல. சொந்த வீட்டில் பணியாளரை அமர்த்தினால் பழகிய தெருவும் கோயிலும் நீங்குவதில்லை. ஆனால் தனிமையும் நீங்குவதில்லை. இலவச இல்லத்தில் உணவும் உறைவிடமும் உண்டு, தனியறை அரிது. கட்டண இல்லத்தில் செவிலியரும் ஒத்த வயதினரின் துணையும் கிடைக்கலாம். கட்டணம் ஆண்டுதோறும் உயரக்கூடும். முதியோர் குடியிருப்புகளில் வீடு வாங்குவோர் பெரும்பாலும் உடல்நலம் உள்ளவர்கள். படுக்கையில் விழுந்தாலோ, நினைவு தவறினாலோ அங்கேயே பராமரிப்பார்களா என்பதை முன்பே கேட்டறிய வேண்டும்.

பெற்றோருக்குச் செய்யும் கடமை இருவகைப்படும். உணவு, மருந்து, தூய்மை ஆகியவற்றைப் பிறரும் செய்ய இயலும். சில வேளைகளில் பயிற்சி பெற்ற செவிலியர் மகனைவிட நன்றாகவே செய்வார். நினைவிழந்து இரவெல்லாம் விழித்திருக்கும் முதியவரை மருமகள் ஒருத்தியின் தலையில் சுமத்திவிட்டு, அதைக் குடும்ப தர்மம் என்று புகழ்வது நியாயமாகாது. ஆனால் பெற்றோரிடம் யோசனை கேட்பதையும், சொன்ன கதையையே மீண்டும் சொன்னாலும் பொறுமையுடன் செவிமடுப்பதையும் கூலிக்கு ஒப்படைக்க முடியாது. மகன் வீட்டு மாடியறையில் பேச்சுத்துணையின்றிக் கிடக்கும் தந்தையும் கைவிடப்பட்டவரே. தொலைவிலுள்ள இல்லத்தில் இருந்தும், சொன்ன நாளில் தவறாமல் வந்து பார்க்கும் பிள்ளையைப் பெற்ற தாய் அத்தகையவர் அல்லர்.

வானப்பிரஸ்தம் இல்லறத்தான் தானே தேர்ந்த வாழ்வு. இன்றோ பிள்ளைகள் முடிவெடுக்கிறார்கள், பெற்றோர் கையொப்பமிடுகிறார்கள். அந்த உரிமையை அவர்களுக்குத் திருப்பித் தருவதே முதற்கடமை. அறிவு தெளிவாக இருக்கும்போதே அவர்களது விருப்பத்தைக் கேட்க வேண்டும். இரண்டு மூன்று இல்லங்களை அவர்களே பார்க்கட்டும். ஒரு மாதம் தங்கிப் பார்க்கட்டும். அதுவரை அவர்களது வீட்டை விற்காமல் இருப்பது நல்லது. பிடிக்கவில்லை என்றால் திரும்பி வர ஓர் இடம் இருக்க வேண்டும்.