ஆடாத ஆட்டத்தின் முடிவு

ராத்திரி ஒரு மணி இருக்கும். ஜெனரேட்டரை நிறுத்தியாகிவிட்டது. மின்னொளிக்காக நட்ட கம்பங்களுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் போட்டிக் கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். ஸ்கோர் எழுதிய நோட்டு என் மடியில். செல்போன் வெளிச்சத்தில் அதையே திரும்பத் திரும்பப் பார்த்தோம், பார்க்கப் பார்க்க எண்கள் மாறிவிடும் என்பதுபோல.

2018, மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அந்த 61 நாள் தடைக்காலத்தில்தான் எங்கள் பக்கத்துப் பையன்கள் முழுசாகக் கரையில் கிடைப்பார்கள். கல்யாணம், காதுகுத்து, வலை முடிவது, பந்தாட்டம் எல்லாம் அதற்குள்தான். தேவிபட்டினத்துக்கு வெளியூர்க்காரர்கள் வருவது கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைச் சுற்றிவிட்டுப் போவதற்கு. ஊரின் இன்னொரு பக்கம் சீமைக்கருவேலம் சூழ்ந்த ஒரு பொட்டல் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. அந்த வருஷம் மட்டும் முள் குத்தி மூன்று பந்து போனது.

அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்தாட்டம். பன்னிரண்டு அணி, மூன்று பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும் முதலிடம் வந்தவர்கள் செமிக்கு. நான்காவது இடம், இரண்டாம் இடம் வந்தவர்களில் ‘சிறந்தவருக்கு’. நோட்டீசில் அப்படித்தான் அச்சடித்திருந்தோம். சிறந்தவர் என்றால் யார் என்று அச்சடிக்கவில்லை; அச்சடிக்கும்போது அது ஒரு கேள்வியாகவே யாருக்கும் படவில்லை.

ஒரு பிரிவில் ஓர் அணி வராமல் போனது. அதனால் அங்கே ஆளுக்கு இரண்டே ஆட்டம். அதில் இரண்டாம் இடம் வந்தது வடக்கே ஒரு மீனவர் குடியிருப்புப் பையன்கள். ஒன்றில் 2-0 என்று வெற்றி, மற்றதில் 1-1 சமன், நான்கு புள்ளி. இன்னொரு பிரிவில் ராமநாதபுரத்திலிருந்து வந்த டவுன் அணி: மூன்று ஆட்டம், இரண்டு வெற்றி, ஒரு தோல்வி, ஆறு புள்ளி. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வகுத்தால் இரண்டுக்கும் இரண்டு இரண்டு புள்ளி. கோல் வித்தியாசத்தை வகுத்தாலும் ஒன்றுக்கு ஒன்று. மூன்றாவது பிரிவின் இரண்டாம் அணி கணக்கிலேயே வரவில்லை. கடைசியில் கமிட்டிதான் சொல்ல வேண்டும் என்று வந்து நின்றது.

மீனவப் பையன்களின் கீப்பருக்கு இரண்டாவது ஆட்டத்தில் பந்தைத் தட்டும்போது சுண்டுவிரல் ஒடிந்திருந்தது. எங்களில் மூத்தவர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். “கீப்பர் இல்லாத டீமை ஏத்திவிட்டா செமி ஒருதலையாப் போயிரும்யா. காசு குடுத்தவன் நாளைக்கு நம்மளக் கேப்பான்.” டவுன் அணிக்குக் கூட்டம் வரும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோரும் கேட்டோம். கை தூக்கச் சொன்னார்கள். நான்காவதாகத் தூக்கிய கை என்னுடையது.

டவுன் அணி கப்பையே தூக்கிக்கொண்டு போனது. “பாத்தீகளா, சரியாத்தான எடுத்திருக்கோம்” என்று மூத்தவர் இன்றைக்கும் சொல்வார். அவர் சொல்வதை மறுக்க எனக்கு வழி இல்லை, ஒப்புக்கொள்ளவும் மனசு வரவில்லை. டவுன் அணி நல்ல அணி என்பது தெரிந்தது, உண்மை. மற்ற அணி என்ன செய்திருக்கும் என்பது எங்கே தெரிந்தது?

இதை மறந்தும் போயிருப்பேன். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் நடந்த ஒரு சண்டையைப் படித்தபோதுதான் அந்த நோட்டு மறுபடி மடியில் வந்து விழுந்தது. அங்கே கல்லூரிகளுக்குள் ஒரு ஃபுட்பால் உண்டு. பெயர்தான் ஃபுட்பால்; பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதுதான் பெரும்பாலும். நூற்றுக்கு மேற்பட்ட கல்லூரிகள், ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று ஆட்டம். எல்லோரும் எல்லோரோடும் மோத முடியாது. ஆகவே கடைசிச் சுற்றுக்கான நான்கு அணிகளைப் பதின்மூன்று பேர் கொண்ட கமிட்டி ஒன்று உட்கார்ந்து பேசித் தேர்ந்தெடுத்தது. ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அணி அந்த ஆண்டு ஆடிய பதின்மூன்று ஆட்டத்தையும் வென்றிருந்தது. நவம்பரில் அதன் முக்கிய ஆட்டக்காரர் ஜோர்டன் டிராவிஸுக்குக் கால் முறிந்தது. அவர் இல்லாமலும் அடுத்த இரண்டு ஆட்டத்தை வென்றார்கள். கமிட்டி அவர்களை ஐந்தாம் இடத்தில் வைத்துவிட்டு, ஒரு தோல்வி கண்ட அலபாமாவை நான்காவதாக எடுத்துக்கொண்டது. டிராவிஸ் இல்லாத அணி அதே அணி அல்ல என்பதுதான் சொன்ன காரணம்.

முக்கிய ஆட்டக்காரர் இல்லாததையும் கணக்கில் எடுக்கலாம் என்று அவர்களுடைய விதியில் முன்பே இருந்ததாம். எங்களைவிட அந்த அளவில் தேவலை. ஆனால் அதற்கு எவ்வளவு எடை, பதின்மூன்று வெற்றிக்கு எவ்வளவு எடை என்று எங்கும் இல்லை. தராசு இருந்தது, படிக்கல் அவரவர் மடியில்.

டிராவிஸ் அன்றைக்கு எழுதியது என்னை என்னவோ செய்தது. தன் கால் சீசனில் இன்னும் முன்பே முறிந்திருக்கக் கூடாதா, தன்னைத் தாண்டியும் இந்த அணி எவ்வளவு பெரியது என்று நீங்கள் பார்த்திருப்பீர்களே என்று வருந்தியிருந்தார். ஒடிந்தவனே ஒடிந்ததற்கு மன்னிப்புக் கேட்கிற நிலை. பிறகு ஒரு தனி ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று அந்த அணி தோற்றது. கமிட்டி சொன்னது சரிதானே என்று ஒரு கூட்டம் கிளம்பியது. வேறு கல்லூரி தேடியும் மற்ற காரணங்களாலும் முக்கிய ஆட்டக்காரர்கள் பலர் அன்று களத்துக்கு வரவில்லை என்பதை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. எடுக்கப்பட்ட அலபாமாவும் அரையிறுதியோடு வீட்டுக்குப் போனது. அடுத்த ஆண்டு முதல் இடங்களைப் பன்னிரண்டாக்கிவிட்டார்கள். இப்போது பன்னிரண்டாவது யார், பதின்மூன்றாவது யார் என்று சண்டை. கோட்டை நகர்த்தினால் கோட்டுக்கு வெளியே நிற்பவன் மாறுவான், அவ்வளவுதான்.

அமெரிக்கா வரை போவானேன். 2019 மார்ச் 9-ஆம் தேதி கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் கால்பந்துப் பட்டம் வாங்கியது. ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம். ஆனால் அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு இன்னொரு லீகான ஐ.எஸ்.எல்.-க்குள் நுழைய அப்போது வழியே இல்லை. 2014-இல் எட்டு அணிகளோடு தொடங்கிய அந்த லீகில் இடம் பிடிக்கத் தேவைப்பட்டது பணம், வெற்றி அல்ல. அதே வசந்தத்தில் புவனேஸ்வரில் நடந்த சூப்பர் கப்பில் சென்னை சிட்டி, அந்த ஆண்டு ஐ.எஸ்.எல். சாம்பியனான பெங்களூருவை 2-1 என்று தோற்கடித்தது. மேலே இருப்பவர்களில் முதல்வனைக் கீழே இருப்பவன் அடித்துவிட்டு மறுபடி கீழேயே போய் நின்றான். கோகுலம் கேரளா அடுத்தடுத்து இரண்டு ஆண்டு பட்டம் வாங்கியும் அதே கதைதான். 2022-23-இல் பட்டம் வென்ற பஞ்சாப் அணிக்குத்தான் கதவு முதன்முதலாகத் திறந்தது. அப்போது சென்னை சிட்டி ஐ-லீகிலேயே இல்லை.

இதில் ஒரு நேர்மை இருந்தது என்று சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள்: கதவு சாத்தியிருக்கிறது என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். எங்கள் மீனவப் பையன்களுக்கு அதுகூடத் தெரியாது.

அந்த அணியின் கேப்டனாக இருந்தவன் இப்போது மாமாவின் விசைப்படகைப் பார்த்துக்கொள்கிறான். ஆள் சேர்ப்பது, பங்கு பிரிப்பது எல்லாம் அவன்தான். பையன்கள் அவனைச் சம்மாட்டி என்றே கூப்பிடுகிறார்கள். போன வருஷம் கரையில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தபோது பேச்சுக் கொடுத்தேன். கையில் அடிபட்டவனைக் கடலுக்கு ஏற்றுவாயா என்று கேட்டேன். எதற்குக் கேட்கிறேன் என்று அவனுக்குத் தெரியும்.

“ஏத்த மாட்டேன்ண்ணே. அங்க போயி அவனுக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?” என்றான். கட்டையால் ஐஸை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, “ஆனா போன வாரம் அவன் இழுத்த வலைக்கு உள்ள பங்கைக் குடுக்காம இருக்க மாட்டேன்” என்றான்.

ஆறு வருஷமாக நான் தேடிய வேறுபாட்டை அவன் மீன் கூடைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டான். செமியில் ஓர் இடம் என்பது இழுத்த வலைக்கான பங்கா, நாளைக்குப் படகில் ஏறுவதற்கான இடமா? நாங்கள் இரண்டையும் குழப்பினோம். ஆறு மாத அனுபவம் உள்ளவனைவிட, நாளைக்கு நன்றாகச் செய்வான் என்று தோன்றுகிறவனை வேலைக்கு எடுக்கிறோம். அது படகில் ஏற்றுவது, தப்பில்லை. ஆனால் பத்து வருஷம் உழைத்தவனுக்குப் பதவி உயர்வு வரும்போது ‘இனிமேல் அவரால் ஓட முடியுமா’ என்று பேசுகிறார்களே, அங்கே பங்கையும் பயணத்தையும் ஒரே துண்டில் முடிகிறார்கள். வீட்டிலும் நடக்கிறது. பெற்றவர்கள் சொத்தைப் பிரிக்கும்போது இதுவரை பார்த்துக்கொண்டவனுக்கா, இனிமேல் பார்த்துக்கொள்வான் என்று நினைக்கிறவனுக்கா?

குலுக்கலுக்கு விட்டிருக்கலாமே என்றால், அதுவும் நமக்குப் பழசுதான். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை விதிகள் கல்லில் வெட்டியிருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். முப்பது குடும்பு, பெயர் எழுதிய ஓலை, ஒரு குடம், உள்ளே கைவிட்டு எடுக்க ஒரு சிறுவன். எனக்கு அதில் பிடித்தது சிறுவன் அல்ல. 919-இல் ஒரு விதி வெட்டினார்கள். இரண்டே ஆண்டில், 921-இல், இன்னும் இறுக்கமாக இன்னொன்று வெட்டினார்கள். நடுவில் ஏதோ தகராறு வந்திருக்கும் என்பது என் ஊகம். எந்தத் தகராறும் இல்லாமல் யாரும் கல்லில் திருத்தம் போடுவதில்லை. குடத்தை மட்டும் பார்த்துப் புல்லரிப்பவர்கள், குடத்துக்குள் யார் ஓலை விழலாம் என்ற பட்டியலையும் படிக்க வேண்டும்: சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, வயது 35-க்கு மேல் 70-க்குள். ஊரில் பெரும்பாலானவர்களின் பெயர் ஓலைக்கே வராது. குலுக்கல் குடத்துக்கு உள்ளே மட்டும்தான் நியாயம்.

இருந்தாலும் அன்று ராத்திரி எங்களில் ஒருவர் பையிலாவது ஒரு ரூபாய் நாணயம் இருந்திருக்கும். சுண்டிப் போட்டிருக்கலாம். எங்களுக்குத் தெரியவில்லை என்பதை அந்த நாணயம் ஊருக்குச் சொல்லியிருக்கும். தெரியாது என்று சொல்லக் கூசித்தான் காரணம் தேடினோம். தேடிய கண்ணுக்கு விரல் கிடைத்தது. நாணயத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் நான் நினைக்கவில்லை. அதே ஆண்டு உலகக் கோப்பையில் ஜப்பானும் செனகலும் புள்ளி, கோல் எல்லாவற்றிலும் சமமாக நின்றபோது மஞ்சள் அட்டை எண்ணித் தீர்த்தார்கள். குறைவாக வாங்கிய ஜப்பான் உள்ளே போனது. அதற்காகவே கடைசிப் பத்து நிமிடம் தோற்றுக்கொண்டே பந்தைத் தமக்குள் உருட்டினார்கள். விதி இருந்தது, பார்க்கச் சகிக்கவில்லை.

மறுவருஷ நோட்டீசில் ‘சமமானால் திருவுளச் சீட்டு’ என்று ஒரு வரி சேர்த்தோம். அந்தக் குடியிருப்பிலிருந்து யாரும் பெயர் கொடுக்க வரவில்லை.

கீப்பரைப் பல மாதம் கழித்து டீக்கடையில் பார்த்தேன். கிளாஸைப் பிடித்திருந்த கையில் சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் குச்சிபோல் நீட்டிக்கொண்டிருந்தது. வலிக்கிறதா என்றேன்.

“வாடைக் காத்துக்கு மட்டும்ண்ணே.” ஒரு மடக்குக் குடித்தான். “அன்னைக்கு நானே நிக்கலாம்னுதான் இருந்தேன். ரெண்டு வெரலயும் சேத்துத் துணி போட்டுக் கட்டிப் பாத்தேன், பந்து நின்னுச்சு. எங்கிட்ட யாரும் கேக்கல.”

நான் சட்டைப்பையில் கைவிடுவதற்குள் என் டீக்கும் சேர்த்துக் காசைப் பலகையில் வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தான்.