நல்ல நேரத்தில் விற்றவர் யார்?

தீபாவளி அன்று பங்குச் சந்தைக்கு விடுமுறை. ஆனாலும் ஒரே ஒரு மணி நேரம் கடையைத் திறந்து வைப்பார்கள். முகூர்த்த வர்த்தகம் என்று பெயர். வணிகச் செய்தி சேனல்களில் அன்று கோட்டு, டை கிடையாது. பட்டுப்புடவை, குர்தா, மேசை மேல் விளக்கு. வழக்கமாக வட்டி விகிதத்தைப் பற்றி முகத்தைச் சுளித்துக்கொண்டு பேசும் நிபுணர்களுக்குக் கூட அன்று கல்யாண வீட்டுக் களை வந்துவிடும். இந்த நேரத்தில் வாங்கினால் ஆண்டு முழுவதும் லட்சுமி கடாட்சம் என்பது ஐதீகம்.

வாங்கலாம். ஆனால் ஒருவர் ஒரு பங்கை வாங்க வேண்டுமானால், அதே விநாடியில் இன்னொருவர் அதை விற்றாக வேண்டும். இருவருக்கும் அதே முகூர்த்தம், அதே லட்சுமி. விற்றவருக்கு அது நல்ல நேரமா, கெட்ட நேரமா? இதுவரை எந்தச் சேனலும் விற்றவரைக் கூப்பிட்டு விசாரித்ததாகத் தெரியவில்லை.

2024-இல் இந்த நல்ல நேரம் மாலை 6 மணிக்கு வந்தது. 2025 அக்டோபர் 21-ஆம் தேதி பிற்பகல் 1.45-க்கே வந்துவிட்டது. நேரத்தை நமக்கு அறிவித்தது பங்குச் சந்தையின் சுற்றறிக்கை.

நேரத்தில் நிஜமாகவே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், பங்குச் சந்தையை விட வசதியான இடம் உலகத்தில் இல்லை. புதன் 12 முதல் 1.30, வியாழன் 1.30 முதல் 3, வெள்ளி 10.30 முதல் 12 ராகுகாலம். மூன்றும் சந்தை நடக்கிற நேரத்துக்குள்தான் வருகின்றன. வாரா வாரம் அந்த நேரத்தில் வாங்குகிறார்கள், விற்கிறார்கள். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் நேரக் குறிப்பு இருக்கிறது. ராகு வேலை செய்தால் கணக்கில் தெரிய வேண்டும். ராகுகாலத்துக்காக யாரும் கணினியை நிறுத்தி வைப்பதில்லை என்பதே போதுமான பதில். பணம் புரளும் இடத்தில் மூடநம்பிக்கைக்கு ஆண்டுக்கு ஒரு மணி நேரம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள், அதுவும் விடுமுறை நாளில்!

என் நண்பர் ஒருவர் அந்த ஒரு மணி நேரத்தில் சாஸ்திரத்துக்கு ஒரே ஒரு பங்கு வாங்குவார். "போனால் போகட்டும், ஒரு பங்குதானே, உனக்கென்ன வலிக்கிறது?" என்பார். எனக்கு வலிக்கவில்லை. அவர் பணம், அவர் லட்சுமி. பண்டிகையும் சந்தோஷமும் கூடாது என்று சொல்கிற வறட்டுக் கட்சி அல்ல நான். என் வழக்கு அடுத்தவர் பணத்தைப் பற்றியது.

பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி 2022 பிப்ரவரியில் வெளியிட்ட ஓர் ஆணையை நினைவுபடுத்துகிறேன். தேசியப் பங்குச் சந்தையின் நிர்வாக இயக்குநராக 2013 முதல் 2016 வரை இருந்த சித்ரா ராமகிருஷ்ணா, நிறுவனத்தின் ஐந்தாண்டு நிதிக் கணிப்புகள், ஈவுத்தொகை விவரம், வணிகத் திட்டம், இயக்குநர் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் என்று பலவற்றையும் ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பியிருக்கிறார். யாருக்கு என்று கேட்டபோது, இமயமலையில் இருக்கும் ஒரு சித்த புருஷருக்கு என்றார். அவருக்கு உடல் கிடையாது, நினைத்த இடத்தில் தோன்றுவார், இருபது ஆண்டுகளுக்கு முன் கங்கைக் கரையில் சந்தித்தது. ஆன்மிகவாதியிடம் சொன்னதால் ரகசியம் கெடவில்லை என்பது அவருடைய வாதம். உடலே இல்லாதவர், செஷல்ஸ் தீவுக்குப் போகலாம், பெட்டியைத் தயார் செய் என்று எழுதிய மின்னஞ்சலும் ஆணையில் இருக்கிறது.

மூலதனச் சந்தை அனுபவம் இல்லாத, முந்தைய வேலையில் ஆண்டுக்கு 15 லட்சத்துக்கும் குறைவாக வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் தேசியப் பங்குச் சந்தைக்கு ஆண்டுக்கு 1.68 கோடி ரூபாய்க்கு ஆலோசகராக வந்ததும் அந்தக் காலத்தில்தான். மூன்று ஆண்டுகளில் அது 4.21 கோடி ஆனது. வாரத்துக்கு நான்கு நாள் வேலை என்றுதான் தொடங்கினார். இந்த நியமனத்திலும் சாமியாரின் கை இருந்தது என்கிறது செபி.

நம் ஊடகங்கள் இதில் எதைப் பிடித்துக்கொண்டன? அந்த அம்மாளின் கூந்தலை வர்ணித்து சாமியார் எழுதிய வரியை. ஒரு வாரம் அதுவே விவாதம், மீம், நக்கல். ஆணையில் என்னைத் தூங்கவிடாத பகுதி வேறு. இந்த மின்னஞ்சல்கள் பற்றி இயக்குநர் குழுவுக்குத் தெரிந்தும், செபியிடம் சொல்லாமல் மூடி வைத்தது. அவர் பதவி விலகியபோது பணியைப் பாராட்டிக் குறிப்பும் எழுதி அனுப்பிவைத்தது. படித்தவர்கள், பட்டயக் கணக்காளர்கள், நிர்வாகத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் உட்காரும் இடம் அது. ஒரு வெளிநாட்டு வங்கிக்காரனுக்கு அதே தகவல் போயிருந்தால் அன்றைக்கே போலீஸ் வந்திருக்கும். போனது இமயமலைக்கு என்றதும், வாயைத் திறக்க ஏனோ தயக்கம். நம்பிக்கை என்ற சொல்லைக் கேட்டதும் கேள்வியைக் கீழே வைத்துவிடுகிற இந்தப் பழக்கம் பாமரனிடம் இருப்பதாகத்தான் நாம் சொல்லிக்கொள்கிறோம்.

சித்ராவுக்கு 3 கோடி ரூபாய் அபராதம் விதித்தது செபி. அந்தச் சித்த புருஷர் ஆணை முழுக்க 'அடையாளம் தெரியாத நபர்'தான்.

கட்டணம் வாங்கிக்கொண்டு எந்தப் பங்கை வாங்கலாம் என்று சொல்ல இந்த நாட்டில் செபியில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் யூடியூபில் பங்கு ஆலோசனை சொல்கிறவர்கள் மீது நடவடிக்கை பாய்கிறது, சரியான காரியம். மியூச்சுவல் ஃபண்டு விளம்பரத்தில் கூட, ஒரு மூச்சில் சொல்லி முடித்தாலும், ஆபத்து உண்டு என்று எச்சரித்தாக வேண்டும். ஆனால் காலையில் டி.வி.யைத் திறந்தால், இன்ன ராசிக்காரர்களுக்கு இந்த வாரம் ஷேர் மூலம் பணவரவு என்று ஒருவர் தைரியமாகச் சொல்கிறார். அவருக்குப் பதிவும் கிடையாது, எச்சரிக்கை வாசகமும் கிடையாது.

2024-25-இல் பங்கு முன்பேர வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 91 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்பது செபி ஆய்வு. மொத்த நஷ்டம் 1,05,603 கோடி ரூபாய். பன்னிரண்டு ராசியிலும் பணவரவு சொல்லப்பட்ட வாரங்கள் அந்த ஆண்டிலும் இருந்திருக்கும்.

நாளைக் காலை உங்கள் ராசிக்கு ஷேரில் லாபம் என்று சொன்னால், சொன்னவரின் செபி பதிவு எண் என்ன என்று அந்தச் சேனலுக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள்.