சாவி வைத்திருந்தவர்

1985 மே 19, ஞாயிற்றுக்கிழமை இரவு. வாஷிங்டனுக்கு வெளியே, மேரிலாந்து மாநிலத்தின் ஒரு கிராமத்துச் சாலை. வேனில் வந்த ஒருவர் இறங்கி, காலி செவன் அப் டப்பா ஒன்றை அடையாளமாகச் சாலையோரத்தில் நிமிர்த்தி வைத்தார். பிறகு வேறோர் இடத்தில், ஒரு கம்பத்தடியில், மளிகைக் கடைக் காகிதப் பையை வைத்துவிட்டுப் போனார். பையின் மேல்பக்கம் காலி பாட்டிலும் குப்பையும். அடியில் பிளாஸ்டிக் உறைக்குள், நிமிட்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து வந்த நூற்றுக்கும் மேற்பட்ட ரகசிய ஆவணங்கள். வைத்தவர் ஜான் வாக்கர். அமெரிக்கக் கடற்படையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி 1976-ல் ஓய்வுபெற்றவர். எடுத்துப் போக வந்துகொண்டிருந்தவர் சோவியத் தூதரக அதிகாரி.

அந்தப் பையின் கனம் புரிய, ஒரு கடற்படை ரகசியம் பேசும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடலில் இருக்கும் கப்பலுக்கு உத்தரவு வானலையில்தான் போகும். வானலையை யாரும் ஒட்டுக்கேட்கலாம். அதனால் செய்தியை ஓர் இயந்திரத்தில் இட்டுச் சங்கேதமாக மாற்றி அனுப்புவார்கள். மறுமுனையில் அதே வகை இயந்திரம் அதைப் பிரித்துத் தரும். ஆனால் பாதுகாப்பு முழுவதும் இயந்திரத்தில் இல்லை. அதை அன்றன்று எப்படி அமைக்க வேண்டும் என்பதைச் சொல்லும் சாவிப் பட்டியலில் இருக்கிறது. சாவி நாளுக்கு நாள் மாறும். எதிரியிடம் இயந்திரம் சிக்கினாலும், சாவி இல்லாதவரை செய்தியைப் படிப்பது மிகக் கடினம். வடிவமைத்தவர்கள் அப்படித்தான் கணக்குப் போட்டார்கள். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அது சரியான கணக்கு.

வாக்கரின் வேலையே அந்தச் சாவிகளோடு இருந்தது. வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில், அட்லாண்டிக் நீர்மூழ்கிக் கப்பல் படைத் தலைமையகத்தில் அவர் தகவல்தொடர்பு அதிகாரி. தொடங்கிய மதுக்கடை நஷ்டப்பட்டுக் கடன் கழுத்தை நெரித்தது. 1967-ன் பிற்பகுதியில் ஒருநாள், வாஷிங்டனில் உள்ள சோவியத் தூதரகத்துக்குள் அவராகவே நடந்து போனார். யாரும் வலைவீசிப் பிடிக்கவில்லை. கொள்கைப் பற்றும் இல்லை. பணம் வேண்டும், சாவி தருகிறேன் என்றார். மாதச் சம்பளம் போல மாஸ்கோவின் பணம் வரத் தொடங்கியது.

1968 ஜனவரியில் அமெரிக்காவின் உளவுக் கப்பலான ப்யூப்லோவை வட கொரியா பிடித்தது. அதிலிருந்த சங்கேத இயந்திரங்களும் எதிர்த்தரப்பின் கைக்குப் போயின. இயந்திரம்தானே, சாவி நம்மிடம் இருக்கிறதே என்ற துணிவு அமெரிக்கக் கடற்படைக்கு இருந்தது. சாவி ஏற்கெனவே விலைபோய்க்கொண்டிருந்தது அதற்குத் தெரியாது. 1985-ல் அமெரிக்காவிடம் அடைக்கலம் தேடிய கேஜிபி அதிகாரி வித்தாலி யூர்ச்சென்கோ, வாக்கர் தந்ததைக் கொண்டு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட செய்திகளை சோவியத் படித்ததாகச் சொன்னார்.

சீருடையைக் கழற்றினால் சாவியும் கையை விட்டுப் போய்விடும். வாக்கர் அதற்கும் முன்கூட்டியே வழி செய்திருந்தார். ஓய்வுபெறும் முன்பே, நண்பரும் கடற்படையின் வானலைத் தகவல்தொடர்பு ஊழியருமான ஜெர்ரி விட்வொர்த்தைச் சேர்த்துக்கொண்டார். சரக்கு நட்பு நாடான இஸ்ரேலுக்குப் போவதாக அவரிடம் முதலில் கதை விட்டார். அடுத்து, ஓய்வுக்குப் பின் ராணுவ ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் வேலை செய்த தன் அண்ணன் ஆர்தரை இழுத்தார். கடைசியாக, கடற்படையில் சேர்ந்த சொந்த மகன் மைக்கேலை. நிமிட்ஸ் கப்பலில் எழுத்தராக இருந்த அந்த இளைஞர், எரிப்பதற்கென்று பையில் போடப்பட்ட ரகசியத் தாள்களை உருவி அப்பாவுக்குச் சேர்த்து வைத்தார். திருடனாக இருந்த வாக்கர், ஓய்வுக்குப் பின் தரகரானார்.

இது 17 ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. எந்தச் சோதனையும் பிடிக்கவில்லை. நம்பகத்தன்மைச் சான்றைப் புதுப்பிக்க நடக்க வேண்டிய விசாரணையை, கோப்பில் போலி முத்திரை குத்தியே வாக்கர் தாண்டினார். 1984 இறுதியில் எஃப்பிஐயை அழைத்துச் சொன்னவர் அவரைப் பிரிந்து வாழ்ந்த முன்னாள் மனைவி. குடிப்பழக்கம் உள்ள பெண்ணின் ஆத்திரப் பேச்சு என்று அந்தப் புகார் முதலில் ஓரங்கட்டப்பட்டது. மாதங்கள் கழித்தே தூசி தட்டி எடுத்தார்கள். சொன்னபோது, தன் மகனும் இதில் இருப்பது அந்தத் தாய்க்குத் தெரியாது.

அந்த மே இரவில் செவன் அப் டப்பாவை, வாக்கரைப் பின்தொடர்ந்து வந்த எஃப்பிஐ ஆள் ஒருவர் தவறுதலாக எடுத்துவிட்டார். அடையாளம் காணாத தூதரக அதிகாரி காரைத் திருப்பிக்கொண்டு போனார். பணம் கிடைக்காத வாக்கர் ஓட்டல் அறைக்குத் திரும்பினார். விடிகாலை 3.30 மணிக்கு, உங்கள் வேனில் யாரோ மோதிவிட்டார்கள் என்று தொலைபேசி வந்தது. அறைக்கு வெளியே நடைகூடத்துக்கு வந்தவரைக் கைது செய்தார்கள். அவருக்கும் ஆர்தருக்கும் ஆயுள் தண்டனை. விட்வொர்த்துக்கு 365 ஆண்டு. வாக்கர் விட்வொர்த்துக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டதற்கு ஈடாக மைக்கேலுக்கு 25 ஆண்டோடு நின்றது.

இதைப் பழங்கதை என்று ஒதுக்க முடியாது. 2022 அக்டோபரில் பிரிட்டன் ஓர் எச்சரிக்கை விடுத்தது: அதன் முன்னாள் ராணுவ விமானிகள் சுமார் 30 பேர், பெரும் சம்பளத்துக்குச் சீன ராணுவத்தினருக்குப் பயிற்சி தரப் போயிருக்கிறார்கள் என்று. அங்கே ஆவணம் இல்லை, சாவி இல்லை. பறந்து பறந்து உடம்பில் ஊறிய அனுபவம்தான் சரக்கு. அந்த வேலையை அப்போதைய சட்டத்தில் குற்றம் என்று சொல்லவே கடினமாக இருந்தது. சாவிப் பட்டியல் களவுபோனால் நாளையே மாற்றிவிடலாம். ஒரு படை சண்டையிடும் பழக்கத்தை ஒரே இரவில் மாற்ற முடியாது.

ஓய்வுபெற்ற வீரரை எல்லாம் சந்தேகக் கண்ணோடு பார்க்கச் சொல்லவில்லை. அவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த ரகசியங்களோடேயே கண்ணை மூடுகிறவர்கள். ஆனால் நம்பிக்கை ஒருமுறை முத்திரை குத்தி அலமாரியில் வைக்கும் கோப்பு அல்ல. கடன் கழுத்தை நெரிக்கும்போது ஒருவர் போய் நிற்க, படைக்குள்ளேயே ஒரு வாசல் திறந்திருக்க வேண்டும். சீருடையைக் கழற்றிய பிறகும், எப்படி இருக்கிறாய் என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். வீட்டிலிருந்து ஒரு பெண் பேசினால், குரல் குழறினாலும், உட்கார்ந்து கேட்க வேண்டும். சாவியை நாள்தோறும் மாற்றிய கடற்படை, அதை வைத்திருந்தவரை ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை.