ஐந்து விரலும் ஒன்றாயிருக்குமா?

“ஐந்து விரலும் ஒன்றாயிருக்குமா?” என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கூலியைக் குறைத்துக் கொடுக்கும்போதும், வேலைக்காரிக்குத் தனித் தட்டு வைக்கும்போதும் இப்பழமொழி நம் வாயில் எளிதாக வந்துவிடுகிறது. உயர்வு தாழ்வு சர்வேசுரன் வகுத்தது, நாம் என்ன செய்யலாம் என்று மனச்சாட்சியைத் தூங்க வைக்கிறோம். இது மெய்தானா? மனிதர் ஆதியில் பட்டணம் கட்டி வாழ்ந்த தேசமொன்றைச் சற்றுப் பார்ப்போம்.

இன்றைய ஈராக்கின் தென்பகுதியில், யூப்ரடீஸ் நதியால் செழித்த உருக் என்னும் பட்டணம் இருந்தது. ஆதியாகமம் இதை ஏரேக் என்கிறது. மழை குறைந்த அந்நாட்டில் மக்கள் கூடி வாய்க்கால் வெட்டி, வாற்கோதுமை விளைவித்தார்கள். தானியம் மீனைப்போல் மறுநாளே கெட்டுப்போவதில்லை. மாதக்கணக்கில் சேர்த்து வைக்கலாம். சேர்த்து வைத்தால் களஞ்சியம் வேண்டும். களஞ்சியத்துக்குக் காவலும் கணக்கும் வேண்டும். கி.மு. 3200 அளவில் அங்கே எழுத்து தோன்றியபோது, களிமண் பலகைகளில் பெரும்பாலும் எழுதப்பட்டது பாட்டும் அல்ல, கதையும் அல்ல: எவ்வளவு தானியம், எத்தனை ஆடு, யாருக்கு எவ்வளவு படி என்ற கணக்கே.

களஞ்சியம் பாவமன்று. பஞ்சத்தில் அது உயிர் காக்கும். ஆனால் காவலுக்கு வைத்தவன் மெல்ல உடையவன் ஆகிவிடக்கூடும். விளைச்சல் பொய்த்த வருஷத்தில் ஏழை உழவன் கடன் வாங்கினான். பிற்காலத்துப் பாபிலோனில் தானியக் கடனுக்கு வட்டி மூன்றில் ஒரு பங்கு. கொடுக்க முடியாதவன் மனைவியையும் மக்களையும் அடிமை வேலைக்கு ஒப்புவித்தான்.

இதன் முடிவு எங்கே போயிற்று? ஆபிரகாமின் பட்டணம் என்று பலர் கருதும் ஊர் என்னுமிடத்தில் 1922 முதல் 1934 வரை லெனார்ட் வூலி என்பவர் அகழ்ந்தார். கி.மு. 2500 அளவிலான கல்லறைக் குழி ஒன்றில் 74 உடல்கள் கிடந்தன. அவர்களில் 68 பேர் பெண்கள். எஜமானரின் சாவோடு பணிவிடைக்காரரும் சாக வேண்டியிருந்தது.

கி.மு. 1750 அளவில் ஹம்முராபி அரசன் சட்டங்களைக் கல்லில் பொறித்தான். மேன்மகன் ஒருவனுடைய கண்ணைக் கெடுத்தவனுக்குத் தன் கண் போகும். எளிய குடிமகனின் கண்ணானால் ஒரு மினா, அதாவது ஏறக்குறைய அரைக் கிலோ, வெள்ளி அபராதம். அடிமையின் கண்ணானால் அவன் விலையில் பாதி. மூவருக்கும் கண் ஒன்றே. விலை மட்டும் வேறு. இந்த விலையைக் கடவுளா குறித்தார்? மனிதன் குறித்தான்.

ஆனாலும் அதே நாட்டு மனிதர் உள்ளத்தில் இது தகாது என்ற குரலும் எழுந்தது. அரசர் சிலர் கடன்களைத் தள்ளி, அடிமைப்பட்டவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த விடுதலைக்குச் சுமேரியர் இட்ட பெயர் ‘அமர்கி’. அச்சொல்லுக்குத் ‘தாயிடம் திரும்புதல்’ என்பது பொருள். கடனுக்காகப் போன மகள் வாசற்படி ஏறி வருவதை நினைத்துப் பாருங்கள். விடுதலைக்கு இதைவிட நல்ல பெயர் உண்டோ? லேவியராகமம் 25-ம் அதிகாரமோ இதை அரசனுடைய தயவுக்கு விட்டுவிடவில்லை. ஐம்பதாம் வருஷம் நிலம் உடையவனுக்கும், அடிமை தன் குடும்பத்துக்கும் திரும்ப வேண்டும் என்று கட்டளையே இடுகிறது.

ஆகையால் பழமொழியைச் சரியாகப் புரிந்துகொள்வோம். விரல்கள் ஒன்றாயில்லை, மெய்தான். ஒருவன் வாய்க்கால் வெட்டுவான், ஒருவன் கணக்கெழுதுவான். தொழில் வேறாயிருப்பதில் குற்றமில்லை. ஆனால் எந்த விரலை நெருப்புச் சுட்டாலும் கை முழுவதும் துடிக்கிறதே! களிமண்ணில் கடனை எழுதினதும் மனித விரல். அதைத் தள்ளிவிட்டதும் மனித விரலே.

இவ்வாரம் ஒரு காரியம் செய்வோமாக. நம் வீட்டுக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து, நமக்குக் கடன்பட்ட ஏழை எவராவது உண்டோ, நாம் குறைத்துக் கொடுத்த கூலி ஏதாவது உண்டோ என்று பார்ப்போம். ஒரு பிள்ளையின் பள்ளிச் சம்பளமோ, ஒரு தாயின் தாலியோ அந்த வரியில் அகப்பட்டிருக்கலாம்.