காணாதவர்க்குப் பட்ட கடன்

கடன் கொடுத்தவன் எதிரே நின்று கேட்கும்போது அதைத் திருப்பித் தருவதில் பேரறம் ஒன்றுமில்லை. தராவிடின் வழக்குண்டு, அவமானமுமுண்டு. இன்னும் பிறவாதவர்க்கு நாம் பட்ட கடன் யாது? வாய் திறந்து கேட்கவியலாத அவர்க்காக நம்மைக் கேட்பவர் யார்? இவ்வினாவிற்கு வடபுலத்துக் காடுகளில் ஒரு விடை உண்டு.

பின்லாந்து நாட்டுக் காடுகளில் பைன், ஸ்புரூஸ், பிர்ச் ஆகிய மரங்களே பெரும்பான்மை. நெடிய குளிர்காலம் கழிந்து, கோடையின் சில திங்களிலேயே அவை வளர வேண்டும். நம் பால்மரம் ஆறேழு ஆண்டிற் பால் தரும். முப்பது ஆண்டளவில் வெட்டுண்டு, மறுநடவு நிகழும். ஆங்குள்ள பைன் மரமோ வெட்டும் பருவமெய்த அறுபது முதல் நூற்றிருபது ஆண்டுகள் செல்லும். நட்டவன் பயன் காணான். பயன் காண்பவன் நட்டவனை அறியான்.

அத்தகைய காட்டில் எவ்வளவு வெட்டுவது முறை? காட்டைப் பாழாக்கலாகாதென 1886-இல் அந்நாட்டிற் சட்டம் பிறந்தது. ஆயினும் காட்டின் இருப்பை அறியாமல் அளவு கூறுவது எங்ஙனம்? 1921 முதல் 1924 வரை யுர்யோ இல்வெசாலோ என்னும் அறிஞரின் தலைமையில், நாட்டின் குறுக்கே கோடுகள் வகுத்து, அவற்றின் வழியே நடந்து மரங்களை அளந்தனர். நார்வே 1919-இலும், ஸ்வீடன் 1923-இலும் இத்தகைய அளவைப் பணியைத் தொடங்கின. துளைக்கருவியால் அடிமரத்தினின்று மெல்லிய குச்சி போன்றதொரு துண்டை எடுத்து, அதிலுள்ள ஆண்டு வளையங்களை நோக்கினால், மரத்தை வீழ்த்தாமலே அதன் வளர்ச்சி புலப்படும். நிற்கும் மரம் முதல். ஆண்டு வளர்ச்சி வட்டி. வட்டிக்கு மேல் உண்ணாதே என்பதே அக்கணக்கு உணர்த்தும் அறம். இன்று அக்காடுகளில் நிற்கும் மரம் ஏறக்குறைய 250 கோடி கனமீட்டர். முதல் அளவையின்போது இருந்ததினும் இது மிகுதி.

ஆயின் கடன் தீர்ந்ததா? யான் ஒரு தோட்டக் கிராணி. பேரேட்டில் வரவும் செலவும் நேராக நிற்கவும், பேரேட்டில் ஏறாத ஒன்று குறைந்துபோவதைக் கண்டவன். பின்லாந்திலும் அதுவே நேர்ந்தது. மரங்கள் முதிர்ந்து மடியுமுன் வெட்டப்பட்டன, பட்டமரங்களும் அகற்றப்பட்டன. அக்காட்டுயிர் வகைகளுள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, மடிந்து மக்கும் மரத்தை நம்பியே வாழ்வன. வண்டுகளும் காளான்களும் அவற்றுட் பல. மரம் பெருகியும் இவற்றுட் சில அருகிப் போயின. ஆதலின் 1990-களிலிருந்து, வெட்டும்போதே சில மரங்களை முதிர்ந்து மடியும்படி விட்டுவைக்கும் வழக்கம் பரவியது. அவ்வாறு விடுவன போதா என்று கூறும் ஆராய்ச்சியாளரும் உளர்.

மரத்தை எண்ணியவர்கள் தீயோர் அல்லர். அவர்கள் எண்ணியிராவிடின் காடே எஞ்சியிராது. ஆனால் வழித்தோன்றல்களுக்கு எது வேண்டுமென நாமே முடிவு செய்து, அதனை மட்டும் குறையாது வைத்துச் செல்வது பாதிக் கடனையே தீர்க்கும். நமக்குப் பயனில்லை என்று தோன்றுவதையும் அழியாது விட்டுச் செல்வதே மறுபாதி. பயனற்றதென எதையும் வேரோடு களையுமுன், அத்தீர்ப்பு வழங்கும் உரிமை நமக்கு மட்டுமே உரியதோ என ஒருமுறை நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.